வெண்டைக்காயும் செம்பருத்தியும் ஒரே குடும்பம்

தாவரவியலில் வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம். பூவின் பாகங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடத் தோதான ஜோடி சிங்கப்பூரில் கிடைக்காது என்பேன். சாமிக்கு வைக்கவென்று பல வீடுகளில் வாசல் தொட்டியிலேயே செம்பருத்தி இருக்கிறது. வெண்டைக்காய்க்குத் தேக்கா சந்தை. (பூங்காவில் பூப்பறிப்பது இங்கே குற்றம். அதனால் தொட்டிப் பூவே நல்லது.)

தேசிய மலரில் ஆரம்பிக்கலாமே என்று தோன்றும். 1981இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் ஓர் ஆர்க்கிட். அதில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே தூணாக ஒட்டிப்போயிருக்கும். மகரந்தம்கூடப் பொடியாக இல்லாமல் கட்டிகளாக இருக்கும். புத்தகப் படத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்குக் குழப்பம்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கநிலை 5 அறிவியலில் தாவர இனப்பெருக்கம் வருகிறது. படத்தில் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதச் சொன்னால் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். மகரந்தச் சேர்க்கைக்கும் கருவுறுதலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால்தான் திணறல். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களே அதிகம்.

செம்பருத்தியின் பச்சைப் புல்லி இதழையும் சிவப்பு அல்லி இதழையும் பிய்த்து எடுத்துவிடுங்கள். நடுவே நீண்டு நிற்பது ஒரே தண்டு மாதிரி தெரியும். பெரியவர் யாராவது அதைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்தால் உண்மை வெளிப்படும். வெளியே இருப்பது மெல்லிய குழாய். ஆண் பாகமான மகரந்தத் தாள்கள் ஒன்றுசேர்ந்து உண்டானது அது. அதன் மேல்பாதியில் குட்டிக் குட்டி மகரந்தப்பைகள். தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். குழாய்க்குள்ளே தனியாக ஓடுவது பெண் பாகமான சூலகத்தண்டு. அதன் நுனி வெளியே எட்டிப்பார்த்து ஐந்தாகப் பிரிகிறது. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சிறு பொட்டு, அதுதான் சூலகமுடி. தண்டின் அடியில் இருக்கும் சூற்பையைக் கீறி உருப்பெருக்கியில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சூல்கள் தெரியும்.

மகரந்தத்தூள் சூலகமுடியில் போய் ஒட்டியதும் மகரந்தச் சேர்க்கை முடிந்தது. கருவுறுதல் இன்னும் நடக்கவில்லை. ஒட்டிய தூளிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முளைத்து, சூலகத்தண்டுக்குள் இறங்கி, சூற்பைக்குப் போய், ஒரு சூலுக்குள் நுழைய வேண்டும். அந்தக் குழாய் வழியாக வரும் ஆண் செல் சூலிலுள்ள முட்டையோடு சேர்வதுதான் கருவுறுதல். சோளக்கதிரின் ஒவ்வொரு நாரும் இப்படி ஒரு மணிக்கு உரிய வழி. மகரந்தக் குழாய் அதன் நீளம் முழுக்க இறங்கியாக வேண்டும். கதிரில் ஆங்காங்கே மணி இல்லாமல் பொக்கையாக இருந்தால், பெரும்பாலும் அங்கே மகரந்தம் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

சரி, கருவுற்ற பிறகு? இங்கேதான் செம்பருத்தி கைவிட்டுவிடும். நாம் அழகுக்கு வளர்க்கும் செம்பருத்தி காய்ப்பது அபூர்வம். தண்டை ஒடித்து நட்டுத்தான் பெருக்குகிறோம். ஆகவே வெண்டைக்காய். ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து அறைகள். செம்பருத்தியின் சூற்பைக்கும் அதே ஐந்து. நாம் சாம்பாரில் போடுவது வளர்ந்த சூற்பை. உள்ளே இருக்கும் உருண்டை விதைகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சூலாக இருந்தவை. காம்பை ஒட்டித் தெரியும் வளையம், உதிர்ந்த இதழ்கள் இருந்த இடம். கூரான நுனி, சூலகத்தண்டு நின்ற இடம். பூவில் காட்டிய பாகங்களைப் பிள்ளை இப்போது காயில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டுப் பக்கத்தில் சமூகத் தோட்டம் இருந்தால், அங்கே பயிர் வைத்திருப்பவரிடம் கேட்டுக்கொண்டு இன்னொன்றும் செய்யலாம். நாளை விரியப்போகும் வெண்டை மொட்டு ஒன்றையும் பாகல் பெண் மொட்டு ஒன்றையும் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். பாகலில் பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம்: இதழுக்குக் கீழே குட்டிப் பாகற்காய் தொங்கும். வெண்டைப் பூவில் ஆண், பெண் இரண்டு பாகமும் இருப்பதால் பைக்குள்ளேயே தன் மகரந்தத்தால் காய் பிடித்துவிடும். பைக்குள் மகரந்தம் வந்து சேராததால் பாகற்பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அடுத்த முறை பாகல் மொட்டைக் கட்டும்போது, பூ விரிந்த காலையிலேயே பையைத் திறந்து, ஓர் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூலகமுடியில் தடவிவிட்டு மறுபடி மூடுங்கள். மதியத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம், பாகற்பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான்.