போர்க்கள உளவு ட்ரோன் உருவாக்க மானியம்: ஐடெக்ஸ் திட்டம் சொல்வது என்ன?

ராணுவத்துக்கான கண்காணிப்பு ட்ரோனை உருவாக்க முனையும் சிறு நிறுவனங்கள் முதலில் அணுக வேண்டியது, பாதுகாப்புத் துறைக்கான புதிய கண்டுபிடிப்புகளுக்கு மானியம் தரும், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் (iDEX) திட்டத்தையே. சென்னையை அடுத்த திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் பிரதமர் இதைத் தொடங்கிவைத்தார். எச்.ஏ.எல்., பி.இ.எல். ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து நிறுவிய, இலாப நோக்கற்ற பாதுகாப்புப் புத்தாக்க அமைப்பு இதை நடத்துகிறது. ஸ்டார்ட்அப் நிறுவனங்கள், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள், தனிநபர் கண்டுபிடிப்பாளர்கள் ஆகியோர் விண்ணப்பிக்கலாம்.

மானியத்துக்கு மூன்று உச்சவரம்புகள் உள்ளன. வழக்கமான பிரிவில் ரூ.1.5 கோடி வரையிலும், 2022-இல் வந்த ஐடெக்ஸ் பிரைம் பிரிவில் ரூ.10 கோடி வரையிலும், 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட அதிதி திட்டத்தில் ரூ.25 கோடி வரையிலும் கிடைக்கும். இத்தொகை முன்மாதிரியை உருவாக்க ஆகும் செலவில் பாதியைத் தாண்டாது. மீதியை விண்ணப்பதாரரே திரட்ட வேண்டும். தொகையும் ஒரே தவணையில் வராது. ஒப்பந்தத்தில் குறித்த ஒவ்வொரு கட்டப் பணியும் முடிந்த பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படும். ஆகவே கையில் நடைமுறை மூலதனம் இல்லாமல் இதில் இறங்குவது உசிதமல்ல.

விண்ணப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. முப்படைகள் தமக்கு என்ன தேவை என்பதை வரையறுத்து வெளியிடும் சவால்களுக்குத் தீர்வு தரலாம். அல்லது திறந்த சவால் பிரிவில் நாமே ஒரு யோசனையை முன்வைக்கலாம். முதல் வழியே பாதுகாப்பானது என்பது என் கருத்து, ஏனெனில் அதில் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் சவாலில் குறித்துள்ள எண்களை ஒருமுறைக்குப் பலமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஐடெக்ஸில் சேராத, அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் தபஸ் ட்ரோன் இதற்குத் தக்க சான்று: 30,000 அடி உயரத்தில் 24 மணி நேரம் பறக்க வேண்டும் என்பது படைகளின் தேவையாக இருக்க, அது சோதனைகளில் 28,000 அடியையும் 18 மணி நேரத்தையும் எட்டியும்கூட, முன்னுரிமைத் திட்டப் பட்டியலிலிருந்து பின்னர் விலக்கப்பட்டது. லடாக் போன்ற உயர்மலைப் பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவதால் சுழல்விசிறியின் தூக்குவிசை குறைகிறது. கடுங்குளிரில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. சமவெளியில் ஒரு மணி நேரம் பறக்கும் கருவி அங்கே அவ்வளவு நேரம் தாங்கும் என்று விண்ணப்பத்தில் எழுதிவிடக் கூடாது.

படைகள் இயக்கும் ட்ரோன்களுக்கு 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பொருந்தா. ஆனால் உருவாக்கும் கட்டத்தில் அதைப் பறக்கவிடுவது நிறுவனம்தான் என்பதால், அப்போது விதிகள் கட்டுப்படுத்தும். இங்கு ஒரு சலுகை இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் நிறுவனங்களும், ஜி.எஸ்.டி. எண் உள்ள ட்ரோன் தயாரிப்பாளர்களும் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிடும்போது வகைச் சான்றிதழ் (ட்ரோன் மாதிரிக்கான தர ஒப்புதல்), தனி அடையாள எண், முன் அனுமதி, ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழ் ஆகியவை தேவையில்லை. பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதியில்), தமது வளாகத்துக்குள்ளோ தமது கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியிலோ மட்டுமே பறக்கவிட வேண்டும் என்பது நிபந்தனை.

முழு ட்ரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது; பாதுகாப்பு, ஆராய்ச்சித் தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை என்றாலும், பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, தகவல்தொடர்புக் கருவி போன்றவை எந்த நாட்டிலிருந்து வந்தவை என்பதை ராணுவக் கொள்முதலில் கூர்ந்து பார்ப்பார்கள். எதிரிக்கு வழிவிடும் மென்பொருள் அவற்றில் ஒளிந்திருக்கலாம் என்ற ஐயம் வெறும் கற்பனையல்ல. எனவே ஒவ்வொரு பாகத்துக்கும் கொள்முதல் ஆவணத்தை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துவது நல்லது.

முன்மாதிரி முடிந்த பின் படையினர் களத்தில் சோதிப்பார்கள். அதில் தேறினால் 2020-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையின்கீழ், தேவை ஏற்பு (படைக்கு அது தேவை என்று முறைப்படி ஏற்பது), விலைப்புள்ளி, ஒப்பந்தம் என்ற வரிசையில் கோப்பு நகரும். மானிய ஒப்பந்தம் வேறு, கொள்முதல் ஒப்பந்தம் வேறு. முன்னது கிடைத்ததை மட்டும் காட்டிப் பின்னதைக் கோர முடியாது.