தரைக்குள் நிற்கும் தாழிகள்

ஜார்ஜியா நாட்டின் கிழக்குப் பகுதியில், கக்கேட்டி வட்டாரத்தில் திராட்சை வளர்க்கும் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போனால், விருந்தாளியை மரானிக்கு அழைத்துச் செல்வார்கள். ஒயின் அறைக்கு அங்கே அந்தப் பெயர். உள்ளே பீப்பாய்களைத் தேட வேண்டாம். தரையில் வட்ட வட்டமாகச் சில மூடிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே, வாய் வரை மண்ணில் புதைந்த ஒரு தாழி. க்வெவ்ரி என்கிறார்கள். பெரியவற்றுக்குள் ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாது. இந்தத் தாழியில் ஒயின் செய்யும் முறையை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

பெரிய ஆலைகள் மின்சாரம் செலவழித்துச் செய்யும் வேலைகளில் பாதியை, இந்தத் தாழி தன் வடிவத்தாலும் சுற்றியுள்ள மண்ணாலும் முடித்துவிடுகிறது. என்னை வியக்க வைப்பது அதுதான்.

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. பழங்களை மரத்தொட்டியில் காலால் மிதித்துச் சாற்றைத் தாழிக்குள் விடுகிறார்கள். தோலும் விதையும், சில வேளை காம்பும் கூடவே போகின்றன. மரபான முறையில் ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் அறையிலும் உள்ள பலவகை ஈஸ்ட்டுகள் முதலில் பெருகும். ஆல்கஹால் ஏற ஏறப் பெரும்பாலானவை மடிந்து, அதைத் தாங்கவல்ல சாக்கரோமைசிஸ் நிலைக்கும்.

லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். நன்கு பழுத்த பழத்தின் சாற்றில் 220 கிராம் வரை இருக்கும். அவ்வளவும் நொதிக்கும்போது பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை என்றால், சாற்றின் வெப்பநிலை இருந்ததைவிட 20 டிகிரி செல்சியசுக்கும் அதிகமாகக் கூடிவிடும். 40 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் செத்துவிடும், நொதித்தல் பாதியில் நின்றுபோகும். எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுவது இதனால்தான். இங்கே அந்த வேலை மண்ணுடையது. சில அடி ஆழத்தில் வெயிலும் பனியும் எளிதில் எட்டுவதில்லை. குளிர்ந்த மண் தாழியை எல்லாப் பக்கமும் தழுவி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 50 லிட்டருக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அது தோல்களை மேலே தள்ளித் தடித்த ஆடையாக மிதக்கவிடும். அந்த ஆடை காய்ந்தால் காடி நுண்ணுயிரிகள் குடியேறும் என்பதால், நாளுக்குப் பல முறை நீண்ட கோலால் அமுக்கிவிட வேண்டும். காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடங்களில் தேங்கி உயிரையே பறிக்கும். நொதிக்கும் நாட்களில் அறைக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது.

கொதிப்பு அடங்கியதும் மூடி போட்டு, களிமண்ணால் விளிம்பை அடைத்துவிடுகிறார்கள். இனி வேலை செய்வது அடிப்பகுதி. தாழி கீழே கூம்பாகக் குறுகுகிறது. கனமான விதைகள் அந்தக் குறுகலில் போய்ச் சேர, இறந்த ஈஸ்ட்டின் வண்டல் மேலே படிந்து அவற்றை மூடுகிறது. விதையின் கடுங்கசப்பு ஒயினில் இறங்குவது அதனால் குறைகிறது. வடிகட்டி இல்லாமலே ஒயின் தெளிகிறது. தோலோடு ஆறு மாதம்வரை கிடப்பதால் ர்காட்ஸிடெலி போன்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினும் தேன் நிறம் ஏறி, தேநீர் போல நாக்கைப் பற்றும். அதற்குக் காரணமான டானின்கள் ஒயின் காற்றுபட்டுக் கெடுவதையும் தாமதப்படுத்துகின்றன.

தலைநகர் டிபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் டார்டாரிக் அமிலத்தின் தடயம் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 6000. நம் புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதே அமிலம்தான். புளியமரம் வளராத அந்த மண்ணில் அது திராட்சையைத்தான் சுட்டுகிறது.

வசந்தத்தில் மூடியைத் திறந்து ஒயினை எடுத்தபின், மிச்சமிருக்கும் சக்கையைக் காய்ச்சிச் சாச்சா என்ற சாராயம் வடிக்கிறார்கள். பிறகுதான் கடினமான வேலை. தாழியின் உட்சுவரில் தேன்மெழுகு பூசியிருந்தாலும் சுட்ட மண்ணின் நுண்துளைகள் முழுக்க அடைபடுவதில்லை. ஒளிந்த கிருமி அடுத்த ஆண்டின் ஒயினைக் காடியாக்கிவிடும். எனவே செர்ரி மரப்பட்டையால் செய்த தூரிகையை நீண்ட கழியில் கட்டி, தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறார்கள். வெளியே இறைத்த நீர் குடிநீர்போலத் தெளிவாக வரும்வரை நிறுத்துவதில்லை.