ஐஸின் விளிம்பு வேறு, கட்டி சாகும் எல்லை வேறு

கட்டியை உறையவைத்து அழிக்கும் சிகிச்சைக்கு முன், ஊசியை எங்கே குத்துவது, எத்தனை நிமிடம் உறையவைப்பது என்று கணினியில் கணக்கிட்டுத் தருவது என் வேலை. டாக்டர்களோடு திரைமுன் உட்காரும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: "கட்டியை ஐஸ் மூடிவிட்டதே, போதும்தானே?"

போதாது. சி.டி. ஸ்கேனில் ஊசியைச் சுற்றிக் கருமையாக ஓர் உருண்டை வளரும். ஊசி முனையில் ஆர்கான் வாயு விரிந்து குளிர்வதால் அங்கே மைனஸ் 140 டிகிரி வரை போகும். உருண்டையின் விளிம்பிலோ ஏறக்குறைய 0 டிகிரிதான். புற்றுசெல்கள் உறுதியாகச் சாக மைனஸ் 40 வேண்டும் என்றுதான் பொதுவாக வைத்துக்கொள்கிறோம். மைனஸ் 40 எதுவரை எட்டுகிறது என்ற கோடு ஸ்கேனில் தெரியாது, கணக்கில்தான் தெரியும். கட்டியைத் தாண்டி 5 முதல் 10 மில்லிமீட்டர் ஐஸ் படரவிடுவது இதனால்தான்.

கணக்கின் அடிப்படை, 1948இல் பென்னஸ் என்ற ஆய்வாளர் எழுதிய சமன்பாடு: திசு வழியே பரவும் வெப்பம் ஒரு பக்கம், ரத்தம் கொண்டுவரும் வெப்பம் இன்னொரு பக்கம். உறைதல் வந்ததும் சிக்கல் கூடுகிறது. 37 டிகிரித் தண்ணீரை 0 வரை குளிர்விக்க எடுக்கும் வெப்பத்தைவிட, அதே தண்ணீரை 0 டிகிரியிலேயே ஐஸாக்க இரண்டு மடங்குக்கு மேல் எடுக்க வேண்டும். உறைந்த இடத்தில் ரத்தம் ஓடாது. ஐஸ் வழியே வெப்பம், தண்ணீர் வழியே போவதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு எளிதாகக் கடக்கும். அப்புறம், உறைந்த இடத்தின் விளிம்பு நொடிக்கு நொடி நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு சிறுநீரகக் கட்டி நினைவிருக்கிறது. பக்கத்திலேயே தடித்த ரத்தக்குழாய். அதைச் சேர்க்காமல் முதலில் கணக்கைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். மைனஸ் 40 கோடு கட்டியை முழுசாகச் சுற்றி வந்தது. குழாயைச் சேர்த்ததும் அந்தப் பக்கம் உருண்டை நசுங்கி, கோடு கட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. வெளி விளிம்பைப் பார்த்தால் கட்டி மூடியேதான் இருந்தது! அந்தப் பக்கம் இன்னொரு ஊசி சேர்த்த பிறகுதான் கோடு வெளியே போனது.

உறையவைத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பது வழக்கம். இரண்டாவது சுற்றில் அழிவு கூடும்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள், கட்டிக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் உண்டா, சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டு உறையவைப்பீர்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கணக்கில் எனக்கு அதிகம் கவலை தருவது ரத்த ஓட்டத்தின் அளவு. ஆளுக்கு ஆள் மாறும். அதனால் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவுக்கும் ஓட்டிப் பார்த்து, கோடு எதில் மிகவும் சுருங்குகிறதோ அந்தப் படத்தைத்தான் டாக்டரிடம் முதலில் காட்டுகிறேன்.