மருந்துக்கு முன்னால் தண்ணீர்

சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மார்ச் மாதத்துச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மூன்றடித் தொட்டி, உள்ளே ஏழு கோல்ட் ஃபிஷ். காலையில் வழக்கம்போல் பாதித் தண்ணீர் மாற்றியிருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்துவிட்டன. நான் போய்ச் சேர்வதற்குள் கடையில் கேட்டு வாங்கிய வெள்ளைப்புள்ளி மருந்து, வீட்டில் கிடந்த ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல், இரண்டு கைப்பிடி கல்லுப்பு என்று மூன்றும் தொட்டிக்குள் போயிருந்தன. மூன்று மீன்கள் செத்துக் கிடந்தன.

ஆறாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பெண் டார்ச் பிடித்துக்கொண்டாள். ஒரு மீனை ஈரக் கையில் எடுத்துச் செவுள் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். நல்ல செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். இது வெளிறிப்போய், ஓரமெல்லாம் கொழகொழவென்று சளி கட்டியிருந்தது. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது, துடுப்பில் ஒரு கிழிசல் கிடையாது. குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் மஞ்சளாகும் சொட்டு மருந்தை விட்டேன், பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. கீழே வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டால், "காலைலதான் சார் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டோம்" என்கிறார். குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் போட்டு, காற்றுக் குமிழி விடும் இரண்டு ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் ஓடவிட்டு, விடியும்வரை பார்த்ததில் நான்கு மீன்கள் பிழைத்தன.

மீன்வளப் படிப்பு முடித்து, வீட்டுத் தொட்டி மீன்களைப் பார்க்கும் இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இந்த வகை அழைப்பு வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. மீன் சோர்ந்தால் "என்ன மருந்து போடலாம்?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. தண்ணீரைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. நான் பார்க்கிற பெரும்பாலான தொட்டிகளில் கோளாறு தண்ணீரில்தான் தொடங்குகிறது, நோய் அதற்குப் பின்னால்தான் வருகிறது. அதனால் குடியிருப்பில் இருப்பவர்கள் தயவுசெய்து சம்ப் கழுவும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ எதுவானாலும், தொட்டிக்குள் விடும் முன் ஆன்டி குளோரின் கலக்காமல் விடாதீர்கள்.

அடுத்தது அம்மோனியா. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், அதனாலேயே இது ஏமாற்றிவிடுகிறது. மீன் செவுள் வழியாக விடுவது, கழிவு, தின்னாமல் அழுகும் தீனி எல்லாம் சேர்ந்து அம்மோனியா ஆகிறது. பில்டரில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக் கூட்டம் வளர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நம் ஆட்கள் வெள்ளிக்கிழமை தொட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் இருபது மீன் வாங்கி வந்து விட்டுவிடுகிறார்கள், பத்தாவது நாள் ஒவ்வொன்றாகச் சாகும், கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்று பழி விழும்.

நம் ஊர் போர் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, பல இடங்களில் 8-ஐ ஒட்டியே இருக்கிறது. பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே தண்ணீர் பிஎச் 8-க்கு ஏறினால் ஐந்து, ஆறு பங்கு விஷமாகிவிடும், வெயில் ஏற ஏற இன்னும் கூடும். போதாததற்கு 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்துவைக்கும் என்றால், 32 டிகிரியில் 7.3 தான். மே மாதம் மின்சாரம் போன ராத்திரிகளில் ஏன் மீன் சாகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அப்புறம் பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் பிடித்து அலசாதீர்கள், அந்தக் குளோரின் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் நான்கு தடவை பிழிந்தால் போதும்.

சரி, தண்ணீர் சரியாக இருந்தும் நோய் வருகிறதே என்றால், வரத்தான் செய்யும். அதிகம் வருவது வெள்ளைப்புள்ளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி குளிர்ந்து பகலில் சூடேறும் நாட்களில் என் போன் நிறைய இந்தப் படங்கள்தான். ரவையைத் தூவியதுபோல் உடம்பிலும் துடுப்பிலும் புள்ளிகள், மீன் கல்லில் போய் உரசும். இது ஒரு ஒட்டுண்ணி. புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது, எந்த மருந்தும் அங்கே எட்டாது. சில நாளில் பழுத்து உதிர்ந்து தரையில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, நீந்திப் போய் அடுத்த மீனைத் தேடும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மருந்து கொல்வது இந்த நீந்தும் குஞ்சை மட்டும்தான். அதனால்தான் இரண்டாம் நாள் புள்ளி மறைந்ததைப் பார்த்து மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது.

நான் சொல்வது இதுதான். ஹீட்டரை ஒரேயடியாக ஏற்றாமல் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30 டிகிரி வரை கொண்டுபோங்கள், அதன் சுழற்சி வேகமாக முடியும். சூடு ஏறினால் ஆக்சிஜன் குறையும், எனவே ஏர் பம்பைக் கூட்டுங்கள். லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பை வெளியே ஒரு ஜக்கில் கரைத்து, ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து ஊற்றுங்கள். செடி வைத்த தொட்டியிலும் கோரிடோரஸ் மீன் இருக்கும் தொட்டியிலும் உப்பு வேண்டாம். தினமும் சைபன் குழாயால் தொட்டியின் தரையை உறிஞ்சி எடுங்கள், உதிர்ந்தவை அங்கேதான் கிடக்கும். மாலகைட் கிரீன் கலந்த மருந்து போடுவதானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டெட்ரா மீனுக்கும் செதில் இல்லாத மீனுக்கும் பாதி அளவில் தொடங்குங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது, தொட்டியில் எத்தனை லிட்டர் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் குத்துமதிப்பாக ஒரு எண் சொல்கிறார்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 2-க்கு 1-க்கு 1 அடித் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலே 57 லிட்டருக்குள்தான், கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 45 தேறும். அதை நூறு லிட்டர் என்று நினைத்து மருந்து விட்டவர்களின் மீன் நோயால் சாகவில்லை.

வாய் ஓரத்திலும் முதுகிலும் பஞ்சுபோல் வெள்ளையாகப் படர்ந்தால் எல்லாரும் பூஞ்சை என்கிறார்கள். பாதி நேரம் அது காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா. உண்மையான பூஞ்சை ஏற்கெனவே அடிபட்ட இடத்தில், நீள நீள இழையாக, மெதுவாகப் படரும். காலம்னாரிஸ் குட்டையாக, கொஞ்சம் மஞ்சளோடிய வெள்ளையாக, முதுகில் சேணம் போட்ட மாதிரி பரவி இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். இதற்கு வெள்ளைப்புள்ளி ஞாபகத்தில் ஹீட்டரை ஏற்றினால் காரியம் கெட்டது, சூட்டில்தான் அது இன்னும் வேகமாகப் பெருகும். எது என்று தெரியாவிட்டால் சூட்டைத் தொடவே தொடாதீர்கள்.

ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் கொட்டும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது. டெட்ராசைக்ளின் கடினத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு கட்டுண்டுவிடும், நம் போர் தண்ணீரில் அதன் பெரும்பகுதி மீனுக்குப் பயன்படாமலே போகிறது. மிச்சம் இருப்பது பில்டர் பாக்டீரியாவைப் பதம் பார்த்து, நாலாம் நாள் அம்மோனியாவை ஏற்றிவிடும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது, மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் சேர்த்து வளர்க்கிறோம். நிஜமாகவே தேவைப்பட்டால் தனித் தொட்டியில், தெரிந்தவரிடம் அளவு கேட்டு, தீனியில் கலந்து கொடுப்பதுதான் முறை. ஃபிளவர்ஹார்ன் மீன் வெள்ளை நூல்போல் கழிவு போட்டு, தலையில் குழி விழ ஆரம்பித்தால் கொடுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் இதே விதிதான். தீனியை அது அடியோடு நிறுத்துவதற்கு முன்னால் கொண்டுவந்தால்தான் இப்படித் தீனியில் கலந்து கொடுக்க முடியும்.

உருண்டை கோல்ட் ஃபிஷ் கவிழ்ந்து மிதந்தால் பல சமயம் மலச்சிக்கல்தான். இரண்டு நாள் பட்டினி போட்டு, அப்புறம் தோலுரித்த வேகவைத்த பச்சைப் பட்டாணி கொஞ்சம் கொடுங்கள். ஆனால் வயிறு ஊதி, செதிலெல்லாம் அன்னாசிப் பழம்போல் சிலிர்த்து நின்றால் அது வேறு. உள்ளே சிறுநீரகம் கெட்டு நீர் கோத்துக்கொண்டது, அநேகமாக மீளாது. பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் பில்டர், மூன்று வாரம், இவ்வளவுதான் செலவு. பஸ் பார்சலில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த மீனுக்கு இன்னொன்றும் உண்டு. மூடிய பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அந்த நிலையில் உள்ளே இருக்கும் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அதனால் பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிரித்த கையோடு மீனை மட்டும் வலையில் எடுத்து டப்பில் விடுங்கள். அந்தத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது.

உங்களுக்கும் ஒன்று. சைபன் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி மீனிலிருந்து மனிதருக்கு வரும், விரலில் கட்டி கட்டியாகத் தடித்து மாதக்கணக்கில் ஆறாது. தோல் டாக்டரிடம் போனால் வீட்டில் மீன் வளர்க்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள், அவருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

படம் அனுப்புகிறவர்கள் ஃபிளாஷ் போடாமல், பக்கவாட்டிலிருந்து அரை நிமிட வீடியோவாக அனுப்புங்கள், மீன் மூச்சு விடும் வேகம் அதில்தான் தெரியும். தொட்டியின் அளவு, எத்தனை மீன், கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள், எந்தத் தண்ணீர், டெஸ்ட் கிட் இருந்தால் அம்மோனியா எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். ஏற்கெனவே என்னென்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக யாரையும் நான் கோபித்துக்கொண்டதில்லை, அது தெரியாமல் அடுத்த மருந்தைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கும்.