வெண்புள்ளிக்கு ஏன் புற ஊதாக் கதிர்?

"புற ஊதாக் கதிர் தோலுக்குக் கெடுதல் என்கிறார்கள். வெண்புள்ளிக்கு அதே கதிரைப் பாய்ச்சிச் சிகிச்சை தருகிறார்களே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தக் கதிர் தோலின் நோயெதிர்ப்பை அடக்கிவிடும். புற்றுநோய் விஷயத்தில் அது ஆபத்து. வெண்புள்ளியில் அதுவே மருந்து.

1970களில் நோயெதிர்ப்பு ஆய்வாளர் மார்கரெட் கிரிப்கே, கதிர் பட்டு எலிகளுக்கு வந்த தோல் கட்டிகளை வேறு எலிகளுக்கு ஒட்டிப் பார்த்தார். சாதாரண எலிகளின் உடல் கட்டியை அழித்துவிட்டது. கட்டி இல்லாவிட்டாலும் ஏற்கெனவே கதிர் பட்டிருந்த எலிகளிலோ அது வளர்ந்தது. கதிர் டிஎன்ஏவைச் சிதைப்பதோடு நிற்பதில்லை, நோயெதிர்ப்பையும் அடக்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா-பி பெரும்பாலும் மேல்தோலிலேயே தங்கிவிடும். அங்கே அதை வாங்கிக்கொள்வது எது? 1983இல் டி ஃபாபோ, நூனன் என்ற இரு ஆய்வாளர்கள் எந்த அலைநீளம் நோயெதிர்ப்பை எவ்வளவு அடக்குகிறது என்று வரைந்து பார்த்தார்கள். அந்த வளைகோடு, தோலின் இறந்த மேலடுக்கில் இருக்கும் யூரோகானிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் வளைகோட்டோடு பொருந்தியது. ஒட்டுநாடாவால் எலித்தோலின் இறந்த மேலடுக்கை உரித்தெடுத்துவிட்டுக் கதிரைப் பாய்ச்சினால் அடக்கம் நிகழவில்லை. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான சோதனை!

இந்த அமிலம் 1874இலேயே நாயின் சிறுநீரில் கண்டறியப்பட்டது. மேல்தோல் செல்கள் சாகும்போது ஃபிலாக்ரின் என்ற புரதம் உடைந்து ஹிஸ்டிடின் வெளிவரும். ஒரு நொதி அதிலிருந்து அம்மோனியாவை நீக்கினால் யூரோகானிக் அமிலம். கல்லீரலில் இதைச் சிதைக்க நொதி உண்டு, தோலில் கிடையாது; ஆகவே அங்கேயே சேர்ந்துகொண்டு போகும். மூலக்கூறின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஒரு முனையில் இமிடசோல் வளையம், எதிர்ப்புறம் அமிலத் தொகுதி. ஒரு ஒளித்துகள் விழுந்ததும் பிணைப்பு நொடியின் சிறு துளி நேரம் தளர்கிறது. அதற்குள் மூலக்கூறு திரும்பிவிட்டால் இரண்டும் ஒரே பக்கம் வந்து, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதுதான் சிஸ் வடிவம். இன்னொரு ஒளித்துகள் பட்டால் பழையபடி திரும்பவும் கூடும். அதனால் எத்தனை நேரம் வெயிலில் நின்றாலும் சிஸ் வடிவம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

சிஸ் வடிவம் செரோடோனின் ஏற்பி ஒன்றில் போய் ஒட்டுகிறது என்பது 2006இல் தெரியவந்தது. இதுவும் டிஎன்ஏ சிதைவும் சேர்ந்து இன்டர்லூக்கின்-10, புரோஸ்டாகிளாண்டின் போன்ற அடக்கும் சமிக்ஞைகளைக் கிளப்புகின்றன. மேல்தோலின் காவல் செல்களான லாங்கர்ஹான்ஸ் செல்கள் தோலை விட்டு நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களில், தாக்குபவற்றுக்குப் பதிலாக ஒழுங்குபடுத்துபவை உருவாகின்றன.

வெண்புள்ளியில் டி செல்கள்தான் நிறமிச் செல்களைக் கொல்கின்றன. மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று இன்னமும் சொல்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 311 நானோமீட்டர் கதிர் அந்தத் தாக்குதலைத் தணிக்கிறது. மயிர்க்காலில் ஒதுங்கியிருக்கும் நிறமி மூலச்செல்களையும் எழுப்புகிறது. அதனால்தான் நிறம் முதலில் முடியைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத் திரும்புகிறது. முடியில்லாத விரல் நுனியிலும் உதட்டிலும் பலன் குறைவு.

வழக்கமாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, நடுவே ஒரு நாளாவது இடைவெளி விட்டு. சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூலில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் கூட்டுவார்கள். லேசான இளஞ்சிவப்பு ஒரு நாளுக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால் அளவைக் கூட்டக் கூடாது. கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிவது கட்டாயம். இதற்காக மாதக்கணக்கில் நாள்கூலியை இழந்து நகரத்துக்குப் போய்வர முடியாமல் பாதியில் விடுபவர்கள் பலர். ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் இந்தக் கருவி இருக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

மத்தியான வெயிலில் நின்றால் போதாதா? போதாது. வெயிலின் அளவை வீட்டில் அளக்க முடியாது, நிறமியற்ற இடம் சீக்கிரம் வெந்துவிடும். கருவியிலும் அளவுதான் பெரிய சிக்கல். விளக்கு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் தந்தால் 200 மில்லிஜூலுக்கு 40 வினாடி. பழசாகி 4 மில்லிவாட்டுக்கு இறங்கினால் 50 வினாடி தேவை. புதுக்குழல் மாட்டிய பிறகும் அந்த 50 வினாடியையே வைத்தால் 250 மில்லிஜூல் இறங்கும், தோல் புண்ணாகலாம். எனவே குழல் மாற்றியதும் மீட்டரால் அளந்து நேரத்தைத் திருத்திய பிறகே அடுத்தவரை உள்ளே அனுப்ப வேண்டும்.