ரொபோ வரும் முன் கேட்க வேண்டியவை

“ரொபோவுல ஆபரேஷன் செஞ்சா அப்பாவுக்கு வலியே இருக்காதாமே டொக்டர்?”

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து தந்தையை கிளினிக்குக்குக் கூட்டிவந்த தம்பி கேட்டார். ஐயாவுக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய்.

ரொபோ தானாக எதையும் வெட்டாது தம்பி என்றேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதன் கைகளை ஆட்டுவது சத்திரசிகிச்சை நிபுணர்தான். காயம் சிறியது, படம் முப்பரிமாணத்தில் தெளிவாகத் தெரியும், உண்மை. ஆனால் பெரும்பாலான இயந்திரங்களில் தொட்டுணர்வு கிடையாது. நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். இரைப்பைப் புற்றுநோயில் கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளையும் (புற்றுநோய் முதலில் பரவக்கூடிய சிறு கட்டிகள் போன்றவை) எடுக்கிறோம். அங்கே கணையத்தைக் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் அதன் நீர் வயிற்றுக்குள் கசியலாம்.

ஜப்பானில் 2018 ஏப்ரலில் ரொபோ மூலம் செய்யும் இரைப்பைப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையைப் பொதுக் காப்புறுதியில் சேர்த்தபோது, மருத்துவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் முன்அனுபவம் இருக்க வேண்டுமென்று நிபந்தனை போட்டார்கள். இரைப்பைச் சத்திரசிகிச்சையில் அவ்வளவு பழகிய நாடே அப்படி. நாளைக்கு நம் மலையகத்துக்கும் ரொபோ வரும், வர வேண்டும். வந்தால் ஆரம்பநிலைப் புற்றுநோய், முன்பு மேல்வயிற்றில் சத்திரசிகிச்சை செய்யாதவர், உடல் மெலிந்தவர் என்று தேர்ந்தெடுத்துத் தொடங்க வேண்டும். கைதேர்ந்த ஒருவர் முதல் நோயாளிகள் முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயிற்சியில் என் மனதில் பதிந்தது, ரொபோ சிகிச்சையின் நடுவே இரத்தம் பெருகினால் என்ன செய்வது என்ற ஓர் ஒத்திகை. மேசையில் பொம்மை. “இரத்தம்!” என்று ஒருவர் கத்துகிறார். ஒரு கருவி பஞ்சுத் துண்டை இரத்தக்குழாய் மேல் அழுத்திப் பிடித்திருக்க, தாதி மற்றக் கருவிகளை உருவுகிறார். ரொபோவின் கைகளைக் கழற்றி இயந்திரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். வயிற்றைத் திறக்கும் கருவிகள் வைத்த தட்டு ஏற்கனவே தயார். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தாமதமென்றால் திரும்பவும் முதலிலிருந்து. இந்த ஒத்திகை நடக்காத தியேட்டரில் என் உறவினரை நான் படுக்கவைக்க மாட்டேன்.

“அப்ப நாங்க என்ன கேக்கணும்?” என்றார் தம்பி.

இந்தக் குழு இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது, வழிகாட்டி யார், இடையில் வயிற்றைத் திறந்து செய்யும் முறைக்கு மாற வேண்டிவந்தால் உடனே முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள் என்றேன். அப்புறம், எடுத்த நிணநீர் முடிச்சுகள் எத்தனை என்பதையும். நோயின் நிலையைச் சரியாகக் கணிக்க குறைந்தது 16 தேவை.

ஐயாவுக்கு எங்கள் கைக்குப் பழகிய திறந்த முறையிலேயே செய்தோம். அறிக்கையில் முடிச்சுகள் 22. இப்போது அரை ரொட்டியாகப் பல வேளை பிரித்துச் சாப்பிடுகிறார்.