நேற்றுத் தாங்கிய கயிறு

செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டின் முகப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார ஆச்சி எனக்குத் தூரத்து உறவு. "தம்பி, கல்தூணைக் கீழே இறக்கும்போது ஒரு நடை வந்து நின்றுகொள்ளுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தொலைபேசியில் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் கப்பல் கட்டும் தளத்திலும் பிறகு கொதிகலன் நிறுவும் வேலைகளிலும் ரிக்கராக இருந்தவன் நான். கனமான பொருளைக் கட்டித் தூக்கி, நகர்த்தி, இறக்கி, அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் ரிக்கர் வேலை. கயிறு, சங்கிலி, கப்பி, கயிற்றைச் சுமையோடு பூட்டும் ஷாக்கிள் எல்லாம் எங்கள் கருவிகள். துறைமுகங்களில் கலாசி என்பார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தூண் தரையில் படுத்திருந்தது. லாரியில் ஏற்ற வேண்டும். மேலே தேக்கு உத்தரத்தில் ஒரு டன் செயின் பிளாக்கை, அதாவது சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவியை, கட்டியிருந்தார்கள். அதன் கொக்கியிலிருந்து ஒரு பழைய கம்பிக் கயிறு இரண்டு கால்களாகப் பிரிந்து தூணின் இரு முனைகளுக்கும் போனது. உத்தரம் தாழ்வாக இருந்ததால் கயிற்றைக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். தூக்கினால் தட்டையாக விரிந்த ஒரு கூரைபோல நிற்கும். நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி வருத்தப்படவில்லை, ஆச்சரியப்பட்டார். "ஐயா, இந்தக் கயிற்றில்தான் போர்வெல் மோட்டாரையே ஏற்றி இறக்குகிறோம். நேற்றுக்கூட இரண்டு தூணை இறக்கியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை" என்றார்.

அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். என் தொழிலில் நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் யாரோ ஒருவர் "நேற்றுத் தாங்கியதே" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் சோம்பேறியோ அலட்சியக்காரரோ அல்ல, பெரும்பாலும் நல்ல வேலைக்காரர். கயிறு தாங்கியது என்பதை ஒரு சோதனையின் முடிவாக எடுத்துக்கொண்டார். உண்மையில் ஒவ்வொரு தூக்கிலும் அந்தக் கயிறு தன் ஆயுளில் கொஞ்சத்தைச் செலவழித்துவிட்டது.

முதலில் எடை. அந்தத் தூண் ஒரு அடி சதுரம், பத்து அடி நீளம். அடியை 30 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் 0.27 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. ஆகவே தூண் 730 கிலோ. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைத் தூக்கிப் பழகிய கைகள் அவை. அதே பருமனில் பதின்மூன்று அடி நீள உருண்டைத் தேக்குத் தூண்கூட 200 கிலோவுக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் தூண்தான், கயிற்றுக்கு அப்படியில்லை. "எவ்வளவு எடை இருக்கும்?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். "நாலு ஆள் எடை" என்றார். நாலு ஆள் அதை நகர்த்தக்கூட முடியாது.

அடுத்தது கோணம். படித்த பொறியாளர்கள்கூட வேலையிடத்தில் இதை மறப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்த இளைஞர்களுக்கு நான் சொன்னது கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டா. இரண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடித்து, அண்டாவை ஒட்டி நின்று தூக்கினால் ஆளுக்குப் பாதி எடை. அதே இரண்டு பேர் விலகி நின்று, காதுகளில் துண்டைக் கோத்து இழுத்துத் தூக்கினால் தோள் கழன்றுவிடும். அண்டாவின் எடை கூடவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்த்து இழுப்பதிலேயே பலம் வீணாகிறது.

இரண்டு கால் கயிறும் அப்படித்தான். 730 கிலோத் தூணைச் செங்குத்தாகத் தொங்கும் இரண்டு கயிறுகள் தூக்கினால் ஒவ்வொன்றிலும் 365 கிலோ. கயிறு படுக்கை மட்டத்திலிருந்து 60 பாகைச் சாய்வில் இருந்தால் ஏறக்குறைய 420. 45 பாகை என்றால் 515. 30 பாகைக்கு இறங்கினால் ஒவ்வொரு காலும் முழு 730 கிலோவைத் தாங்குகிறது. அதாவது இரண்டு கயிறு போட்டதில் பயனே இல்லை. அன்று அவர்கள் கட்டியிருந்தது 20 பாகைக்கு மேல் இராது. ஒவ்வொரு காலிலும் ஆயிரம் கிலோவைத் தாண்டும். அதோடு தூணின் முனைகளை உள்நோக்கி இழுத்துக் கயிற்றை நழுவவும் வைக்கும்.

கோணமானி யாரிடமும் இருக்காது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. கயிறு கட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு காலும் குறைந்தது அவ்வளவு நீளம் இருக்கட்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைக்கும், கோணம் 60. உயரம் போதவில்லை என்றால் கயிற்றைக் குட்டையாக்காதீர்கள். தூக்கும் இடத்தை மாற்றுங்கள், அல்லது உருளைகளை வைத்து நகர்த்துங்கள்.

பாய்மரக் கப்பல் காலத்திலிருந்தே இந்தக் கணக்கு நடைமுறையில் இருக்கிறது. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கயிறுகள் ஒரு வகை, பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் இன்னொரு வகை. மரத்தோடு ஒட்டினாற்போல் கட்டிய பிடிகயிறு, அதே காற்றுக்கு அதிகமாக இழுபடும். அதனால்தான் கப்பலின் விளிம்புவரை அதை அகட்டிக் கட்டினார்கள். கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பலைக் கட்டும் மாப்பிள்ளை முஸ்லிம் கலாசிகளுக்குக் கப்பியும் வடமும் உருட்டுத்தடியும் போதும். 1988-இல் பெருமண் பாலத்தில் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்த ரயில் பெட்டிகளை வெளியே எடுத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நான் தொழில் கற்றுக்கொண்ட தளத்தில் அந்த மரபில் வந்த ஒரு பெரியவர் இருந்தார். கயிற்றை எடுத்துக் கொடுத்தால் முதலில் தடவிப் பார்ப்பார், பிறகு முகர்ந்து பார்ப்பார். துருவின் வாடை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும் என்பார்.

அவருக்குக் கீழே இருந்தபோது நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு எந்திரத்தின் தலையில் இருந்த ஐ போல்ட்டில், அதாவது தலையில் வளையம் உள்ள போல்ட்டில், கயிற்றைச் சாய்வாக மாட்டினேன். ஐ போல்ட் நேர் மேலே இழுப்பதற்கு ஆனது. 45 பாகை சாய்த்து இழுத்தால் அதன் தாங்குதிறன் கால் பங்குக்கு அருகே இறங்கிவிடும். எனக்கு அது தெரியும். முந்தைய நாள் அதே எந்திரத்தை அப்படியே தூக்கியிருந்தேன் என்பதும் தெரியும். இரண்டாவதைத்தான் நம்பினேன். போல்ட் மரையோடு முறிந்தது. என் உதவியாளருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. அவர் என்னைக் குறை சொன்னதே இல்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

விமானத் துறையிலும் ரிக்கிங் என்ற சொல் உண்டு. இரட்டை இறக்கை விமானங்கள் பறந்த காலத்தில் இறக்கைகளை முறுக்கிப் பிடித்த கம்பிகளைச் சரிசெய்தவர்கள் ரிக்கர்கள். இன்று விமானியின் கையிலிருந்து இறக்கை மடல்வரை போகும் கேபிள்களின் இழுவிசையை அளந்து பூட்டுவது அந்த வேலை. அவர்களிடமிருந்து நாம் இரண்டு வழக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம். ஒன்று, துணியைக் கேபிளின்மேல் சுற்றி நீளவாக்கில் ஓட்டுவது. எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. வெறும் கையை ஒருபோதும் ஓட்டக்கூடாது. இன்னொன்று, பூட்டியவர் அல்லாத வேறொருவர் தனியாகச் சோதிப்பது. 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலின் அல்வெர்காவில் பராமரிப்பு முடிந்து கஜகஸ்தானின் ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்ப்ரேயர் விமானம் ஒன்று கிளம்பியது. இறக்கை மடல்களுக்கான கேபிள்கள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. இடப்பக்கம் திருப்பினால் விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. விமானிகள் போராடி, மூன்றாம் முயற்சியில் பேஜா தளத்தில் இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பயிற்சி பெற்றவர்கள், புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. நம் வேலையிடத்தில் இரண்டாவது ஆள் ஒருவர் கொக்கியை நிமிர்ந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

செட்டிநாட்டில் ரிக்கர் என்று பலகை மாட்டியவர் யாரும் இல்லை. ஆனால் வேலை எல்லாத் தெருவிலும் நடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும் தூண்களையும் கதவுகளையும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு வீட்டிலிருந்து இறக்கியிருக்கிறார். அரிசி ஆலையில் எந்திரம் மாற்றுகிறார்கள். கோயில் திருப்பணியில் கல் ஏற்றுகிறார்கள். பிள்ளையார்பட்டித் தேர் நகரும்போது வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுபவர்களைப் பாருங்கள். சுமை எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது என்பதை உடம்பாலேயே அறிந்தவர்கள் அவர்கள்.

போர்வெல் வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் கிராமத்துக்குக் கிராமம் நடக்கிறது, யாரும் அதைக் கனம் தூக்கும் வேலையாக நினைப்பதில்லை. இரண்டு அங்குல இரும்புக் குழாய் மீட்டருக்கு ஐந்து கிலோ. நூறு மீட்டர் இறக்கியிருந்தால் ஐந்நூறு கிலோ. குழாய்க்குள் நிற்கும் தண்ணீரை அடியிலுள்ள வால்வு பிடித்து வைத்திருக்கும், அது மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர். அதோடு மோட்டாரின் எடையும் சேரும். குழாயைத் தூக்க நடும் முக்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் புதைந்தால் எல்லாம் சரிந்துவிடும். அதைவிடப் பயங்கரம், கழற்றிய இருபது அடிக் குழாயை நிமிர்த்தும்போது மேலே மின்கம்பி போவது. முக்காலி நடுவதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே தொடங்குங்கள்.

சுமை தூக்கும் துணிப் பட்டை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறம் அழகுக்கு அல்ல. ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று. சுருக்குப் போட்டுக் கட்டினால் அதில் எண்பது சதவீதமே கணக்கு. தாங்கும் எடையை எழுதித் தைத்திருக்கும் சீட்டுப் போய்விட்டால் பட்டையும் போய்விட்டது என்று பொருள். கருங்கல் விளிம்பு பட்டையைக் கத்திபோல அறுக்கும், சாக்கு தாங்காது, பழைய டயரை வெட்டி வைக்கலாம். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் போட்டுவைத்த பட்டை பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும்.

ஆலை வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 29-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள், தூக்கும் கருவிகளையும் சங்கிலி, கயிறுகளையும் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று. வீடு பிரிக்கும் மேஸ்திரியின் கயிற்றைச் சோதிக்க யார் வருவார்கள்? வேலை கொடுப்பவர்தான் கேட்க வேண்டும். கூலி பேசும்போதே கயிற்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆச்சிக்கு வந்த பயம் நியாயமானது, அந்தப் பயத்தோடு ஒரு கேள்வியும் வரட்டும்.

அன்று வேலை நான்கு மணி நேரம் தள்ளிப்போனது. உத்தரத்தின் முனை சுவருக்குள் கரையான் அரித்திருந்ததைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கயிற்றின் முனையை மடித்து வளையமாக்கிய கண்ணில் போட்டிருந்த யு கிளிப்புகளில் ஒன்று தலைகீழாக இருந்தது. கிளிப்பின் வளைவு வெட்டிவிட்ட வால் பக்கம் அழுந்த வேண்டும், சுமை தாங்கும் பக்கத்தில் அடிப்பட்டைதான் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் கிளிப்பே கயிற்றைக் கடித்துவிடும். காரைக்குடியிலிருந்து கிரேன் வந்தது, நீளமான பட்டைகளோடு. தூண் லாரியில் ஏற மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பழைய கயிற்றை மேஸ்திரி சுருட்டப் போனார். மாட்டுத் தொழுவத்துக்கு ஆகும் என்றார். தூக்கிப் போட்ட கயிறு என்றைக்காவது ஒரு நாள் யாருடைய கைக்காவது திரும்பி வரும். அதனால் கிரைண்டரை வாங்கி முழ நீளத் துண்டுகளாக வெட்டினேன். அவர் ஒரு துண்டை எடுத்துப் புரிகளைப் பிரித்தார். நடுவிலிருந்த சணல் மட்கிப்போய், உள்கம்பிகளிலிருந்து செம்மண்போலத் துருத்தூள் அவர் உள்ளங்கையில் கொட்டியது. வெளியே கிரீஸ் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாரியில் ஏறப்போன இரண்டு பையன்களையும் கூப்பிட்டு, கையை நீட்டிக் காட்டினார்.